‘ஊவீ’ என்று கத்தும் வா பெடலை ‘ஊவா’ என்று பாட வைக்க

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் சர்ச் குவயரிலும், அவ்வப்போது கல்யாணக் கச்சேரிகளிலும் வாசிக்கிறீர்கள். கையில் இருப்பது மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) வைத்த ஸ்ட்ராட் வகை கிட்டார். அது சும்மாவே பளிச்சென்று பேசும். புதிதாக டன்லப் கம்பெனியின் க்ரை பேபி, ஜிசிபி 95 என்ற வா பெடல் (காலால் மிதித்துச் சத்தத்தின் நிறத்தை மாற்றும் பெட்டி) வாங்கியிருக்கிறீர்கள். முன்பக்கம் அழுத்தினால் காதில் ஊசி குத்துகிறது. எழுபதுகளின் பாட்டுகளில் வரும் இதமான வா சத்தம் வேண்டும்; அதற்கு எந்த விண்டேஜ் பெடலைத் தேடலாம், இத்தாலியில் செய்த பழைய வாக்ஸ் கிடைத்தால் சேமிப்பைப் போட்டு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி பெடலைப் பற்றித்தான். ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, ‘வீட்டில் பரவாயில்லை, சர்ச்சில்தான் ரொம்ப மோசம்’ என்று, எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. அதே கிட்டார், அதே பெடல், அதே கால். இடம் மாறினால் சத்தம் மாறுகிறதென்றால் பெடல் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது ‘இந்தக் கூச்சல் எங்கிருந்து வருகிறது, அதை எங்கே பிடித்து நிறுத்துவது’ என்பது. அதற்குப் பதில் சொல்கிறேன். பழைய பெடல் வாங்கலாமா என்பதற்கும் பதில் உண்டு, பின்னால் வருகிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வளர்ந்தவன். இருபது வருஷத்துக்கு மேல் மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தேன். இப்போது வீட்டு மாடியில் பெடல், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ரிப்பேர். எலக்ட்ரானிக்ஸ் கல்லூரியில் படித்ததில்லை, சால்டரிங் அயர்ன் பிடித்துக் கற்றதுதான். வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. அதனால் ரொம்ப உச்சமான டிரெபிள் பற்றி என் காதை முழுசாக நம்பாதீர்கள். நல்லவேளை, உங்கள் பிரச்சினை அவ்வளவு மேலே இல்லை.

பிரச்சினை எங்கே இருக்கிறது என்று வாயாலேயே கண்டுபிடிக்கலாம். ‘ஊ’ என்று ஆரம்பித்து மெதுவாக ‘ஆ’ என்று வாயைத் திறந்து பாருங்கள். அதுதான் நீங்கள் தேடும் வா. இப்போது அதே ‘ஊ’வில் ஆரம்பித்து ‘ஈ’யில் முடியுங்கள். அதுதான் இப்போது உங்கள் பெடல் போடும் சத்தம். நம் வாய் தொண்டைச் சத்தத்தில் சில இடங்களைத் தூக்கிக் காட்டி உயிரெழுத்துகளை உண்டாக்குகிறது. ‘ஈ’யின் கூர்மை 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் தூக்கலால் வருவது. வா பெடலும் இதே வேலையைத்தான் செய்கிறது. சத்தத்தின் ஒரு சிறிய பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் போகும் திசையில் மேலும் கீழும் நகர்த்துகிறது. குதிகாலை அழுத்தினால் அந்த மேடு சுமார் 400 ஹெர்ட்ஸில் இருக்கும். முன்பாதத்தை அழுத்தினால் 2,200 ஹெர்ட்ஸ் சுற்றி வந்து நிற்கும். மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்கும் பகுதியும் ஏறக்குறைய அங்கேதான், 2,000-க்கும் 5,000-க்கும் நடுவில், தொடங்குகிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே தூக்கலாக இருக்கும் கிட்டாரைக் கொடுத்தால், மேட்டின் மேல் மேடு. ஊசி குத்தாமல் என்ன செய்யும்?

இந்தப் பெடல் பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். 1966-ல் அமெரிக்காவில் தாமஸ் ஆர்கன் என்ற கம்பெனி, பிரிட்டனின் வாக்ஸ் ஆம்ப்களைத் தன் நாட்டுக்கு ஏற்ப டிரான்சிஸ்டரில் செய்துகொண்டிருந்தது. அந்த ஆம்பில் நடுஸ்வரங்களைத் தூக்கிக் கொடுக்க ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதற்குப் பதில் மலிவான ஒரு பொட்டென்ஷியோமீட்டரை (திருகி அளவை மாற்றும் குமிழ்) போட முயன்றார் பிராட் பிளங்கெட் என்ற பொறியாளர். திருகத் திருகச் சத்தம் பேச ஆரம்பித்துவிட்டது. கையால் திருகிக்கொண்டே வாசிக்க முடியாதே, அதனால் ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள் அதைப் பொருத்தினார்கள். 1967-ல் விற்பனைக்கு வந்த முதல் பெடலுக்கு, டிரம்பெட்டின் வாயை மூடித் திறந்து இதே மாதிரி சத்தம் கொடுத்த கிளைட் மெக்காய் பெயரை வைத்தார்கள். அவற்றை இத்தாலியில் ஜென் என்ற கம்பெனி செய்து கொடுத்தது. பின்னால் வந்த வாக்ஸ், க்ரை பேபி எல்லாவற்றுக்கும் சர்க்யூட் கிட்டத்தட்ட ஒன்றுதான். இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு இண்டக்டர் (கம்பிச் சுருள்), சில கெபாசிட்டர்கள், காலுக்கு ஒரு பாட் (அந்தப் பொட்டென்ஷியோமீட்டர்தான்). இதைக் கவனத்தில் வையுங்கள். நீங்கள் சேமிப்பைக் கொட்டி வாங்க நினைக்கும் பெட்டிக்கும், இப்போது காலடியில் கிடக்கும் பெட்டிக்கும் எலும்புக்கூடு ஒன்றே.

சரி, சர்ச்சுக்கு வருவோம். அங்கே ஆம்ப் வைக்காமல் நேராக மிக்ஸரில் செருகுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுதவில்லை, ஆனால் வடசென்னையில் நான் பார்த்த சர்ச்சுகளில் பத்தில் எட்டு அப்படித்தான். மெல்லிசைக் கச்சேரியிலும் அதே கதை. கிட்டார் ஆம்பில் இருக்கும் ஸ்பீக்கர் சத்தத்தை அப்படியே வெளியே விடும் சாமான் கிடையாது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் மளமளவென்று இறங்கிவிடும். அதாவது அது ஒரு வடிகட்டி. பழைய ரெக்கார்டுகளில் நீங்கள் கேட்ட வா எல்லாம் பெரும்பாலும் அந்த வடிகட்டி வழியாக வந்து, முன்னால் வைத்த மைக்கில் விழுந்த சத்தம். மிக்ஸரில் நேராகச் செருகினால் வடிகட்டி போய்விட்டது, பி.ஏ. (கூட்டம் முழுக்கக் கேட்க வைக்கும்) ஸ்பீக்கரின் ஹார்ன் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஊருக்குச் சொல்லும்.

இதை நான் கற்ற இடம் வியாசர்பாடியில் ஒரு ஆடி மாதக் கூழ் வார்க்கும் திருவிழா. தொண்ணூறுகளின் நடுவில். விளக்குக் கம்பத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் கடன் வாங்கிய ஒரு வா பெடல் கிடைத்திருந்தது, சும்மா இருக்குமா கால்? முதல் பாட்டின் இடையிசையிலேயே முழுசாக அழுத்தினேன். கூழுக்காக வரிசையில் நின்ற ஒரு ஆயா, கையில் இருந்த சொம்பைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். இன்றைக்கும் அந்தச் சொம்பு வைத்த சத்தம் எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கும். பக்கத்தில் கீபோர்டு வாசித்த அண்ணன் தலையைத் திருப்பாமலேயே, “டேய், டோனைப் பாதி குறை. காலைப் பாதிக்கு மேல போகவிடாதே” என்றார். டோன் குமிழை நாலுக்கு இறக்கினேன், மிதிபலகையைக் குதிகால் பக்கத்துப் பாதியில் மட்டும் ஆட்டினேன். அடுத்த பாட்டில் ஆயா சொம்பை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்த அண்ணன் சொன்ன இரண்டு வாக்கியத்துக்கு விளக்கவுரைதான்.

ஆகவே ஒரு பைசா செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியது இது. கிட்டாரை நடு பிக்கப்பிலோ கழுத்துப் பக்கப் பிக்கப்பிலோ வையுங்கள். டோனை ஐந்து, ஆறுக்கு இறக்குங்கள். வால்யூமை எட்டில் விடுங்கள். உங்கள் கிட்டாரில் டிரெபிள் பிளீட் என்ற குட்டிக் கெபாசிட்டர் போடாமல் இருந்தால் வால்யூம் குறையும்போதே கூர்மையும் கொஞ்சம் மழுங்கும். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பில்தான் (கழுத்துக்கு எதிர்முனையில் இருப்பது) வாசிக்க வேண்டும் என்றால் ஒரு எச்சரிக்கை: பழைய முறை ஸ்ட்ராட் ஒயரிங்கில் அந்தப் பிக்கப்புக்கு டோன் குமிழே கிடையாது. திருகித் திருகிப் பார்த்துவிட்டு ‘டோன் வேலை செய்யவில்லை’ என்று என்னிடம் கிட்டாரைக் கொண்டுவந்தவர்கள் உண்டு. உள்ளே ஒரு சின்ன ஒயரை ஸ்விட்சில் இணைத்தால் கடைசிக் குமிழ் அதற்கும் வேலை செய்யும். பிக்கப்பின் மெல்லிய கம்பிப் பக்கத்தை ஸ்க்ரூவால் ஒரு மில்லிமீட்டர் இறக்குவதும் உதவும். பிளெக்ட்ரம் மெல்லியதாக, கூர்முனையோடு இருந்தால் தடித்ததற்கு மாற்றுங்கள். கம்பி மாற்றும் நேரம் வந்தால் ப்யூர் நிக்கல் போட்டுப் பாருங்கள், பளபளப்பு கொஞ்சம் அடங்கும்.

அப்புறம் காலைப் பழக்குவது. வா பெடல் வாங்கிய புதிதில் எல்லோரும் தையல் மிஷின் மாதிரி இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை மிதிப்போம். இதமாகக் கேட்கும் வாசிப்பில் கால் நடுவில் ஒரு இரண்டு விரல் அகலத்துக்குள்தான் அசையும், முன்கோடிக்கு எப்போதாவது ஒருமுறை போகும். சில நேரம் அசையவே அசையாது. பாதியில் நிறுத்திவிட்டு மூக்கால் பேசுகிற மாதிரியான அந்த ஒரே நிறத்திலேயே நாலு வரி வாசித்துவிடலாம்.

சர்ச்சில் இன்னொன்று செய்யுங்கள். சின்ன ஆம்ப் ஏதாவது இருந்தால் அதன் முன் ஒரு மைக் வைத்து மிக்ஸருக்கு அனுப்புங்கள். ஆம்ப் இல்லையென்றால் கேபினட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கரின் வடிகட்டலைப் போலச் செய்யும் வசதி) இருக்கிற ஏதாவது ஒரு மலிவான மல்டி எஃபெக்ட் பெட்டியை வாவுக்குப் பின்னால் போட்டு, மற்ற எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மிக்ஸரின் ‘ஹை’ குமிழைக் குறைப்பது அவ்வளவாக உதவாது. அது பெரும்பாலும் 10,000, 12,000 ஹெர்ட்ஸ் பக்கம் வேலை செய்யும்படி அமைத்தது. உங்கள் ஊசி அதற்கு ரொம்பக் கீழே இருக்கிறது. அங்கே குறைத்தால் பாடகர் சேனலில் குறைத்த மாதிரி மந்தமாகும், குத்தல் அப்படியே நிற்கும். இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

இனி பெட்டிக்குள் போவோம். பழைய பெடல் ஏன் இதமாகக் கேட்கிறது என்பதற்கு ஒரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய சர்க்யூட்டில் கிட்டார் நேராக உள்ளே போய் ஒரு 68 கிலோ ஓம் ரெசிஸ்டரில் முட்டும். அது கிட்டார் பிக்கப்புக்குக் கொஞ்சம் பாரம். பிக்கப்புக்குச் சொந்தமாக ஒரு பளிச் மேடு உண்டு. ஸ்ட்ராட் பிக்கப்பும் சாதாரண ஒயரும் சேர்ந்தால் அது 4,000 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே வரும். பாரம் ஏறினால் அந்த மேடு அமுங்கிவிடும். இன்றைய ஜிசிபி 95-ல் நுழைவிலேயே பஃபர் என்று ஒரு டிரான்சிஸ்டரைப் போட்டிருக்கிறார்கள். பெடலை அணைத்திருக்கும்போது பழைய பெடல்கள் கிட்டார் சத்தத்தை மந்தமாக்கின என்ற புகாருக்கு அது மருந்து. ஆனால் உங்களுக்கு அந்த மருந்துதான் நோய். பளிச் மேடு துளிக்கூட அமுங்காமல் உள்ளே போய், பெடலின் மேட்டோடு சேர்ந்துகொள்கிறது.

இதற்கு நான் செய்துகொடுக்கும் வேலை ரொம்பச் சின்னது. கிட்டாரிலிருந்து பெடலுக்குப் போகும் ஒயரின் ஒரு ஜாக்கைத் திறந்து, நடு ஊசிக்கும் வெளிச்சட்டத்துக்கும் குறுக்கே ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைக்க வேண்டும். பழைய பெடல் கொடுத்த பாரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். சத்தம் ஒரு துளி குறையும், கண்ணாடிப் பளபளப்பு போய் மரம் தெரியும். பிடிக்கவில்லையா, ஒயரை மாற்றினால் முடிந்தது. கூடவே, டியூனர் பெடலை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்திருந்தால் வாவுக்குப் பின்னால் தள்ளுங்கள். பல டியூனர்களிலும் பஃபர் இருக்கிறது, அது முன்னால் இருந்தால் இந்த வைத்தியம் பாதி பலிக்காது. ஒயரின் நீளமும் இதே கணக்குதான். நீளம் கூடினால் அதன் கெபாசிட்டன்ஸ் கூடும், அந்த 4,000 ஹெர்ட்ஸ் மேடு கீழே இறங்கும். அறுபதுகளில் கிட்டார்காரர்கள் பலர் டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் சுருளான நீள ஒயரில் வாசித்தார்கள், அவர்கள் சத்தத்தில் அதற்கும் பங்கு உண்டு. உங்களிடம் பழைய நீள ஒயர் ஏதாவது மூலையில் கிடந்தால் அதைப் போட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

பெடலின் மேடு எங்கே போய் நிற்கிறது என்பதை மாற்றுவது அடுத்தது. இரண்டு வழி. முதலாவதற்கு அயர்ன் தேவையில்லை. மிதிபலகைக்குக் கீழே பல் வைத்த ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், அது பாட்-இன் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பாட்-இன் நட்டைத் தளர்த்தி, பட்டையிலிருந்து சக்கரத்தை விலக்கி, இரண்டு மூன்று பல் திருப்பி மறுபடி பொருத்தினால் முழு ஓட்டமும் கீழ்ப்பக்கம் நகரும். முன்பாதத்தை முழுசாக அழுத்தினாலும் ‘ஈ’க்குப் போகாமல் ‘ஏ’யில் நின்றுவிடும். எந்தப் பக்கம் திருப்புவது என்று வாசித்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். ரொம்பத் திருப்பிவிட்டால் குதிகால் பக்கம் பாட் முன்கூட்டியே முட்டும்; முட்டிய பிறகும் மிதித்தால் பல் தேயும். அதனால் பலகையை முழு ஓட்டமும் கையால் அழுத்திப் பார்த்த பிறகே காலை வையுங்கள்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது, செலவும் ஒரு டீக் காசுதான். மேடு எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்வது இண்டக்டரும் ஒரு கெபாசிட்டரும். இண்டக்டர் சுமார் 500 மில்லிஹென்ரி, கெபாசிட்டர் 10 நானோஃபாரட். கணக்குப் போட்டால் 2,250 ஹெர்ட்ஸ் வரும், உங்கள் பெடலின் முன்கோடி ஏறக்குறைய அதுவே. கெபாசிட்டரை 15 ஆக்கினால் 1,850-க்குப் பக்கம் இறங்கும். 22 ஆக்கினால் 1,500. என் காதுக்குப் பளிச் கிட்டாரோடு 15 சரியான இடம். 22 போட்டால் முதல் நாள் ஆஹா என்றிருக்கும், மற்ற வாத்தியங்களோடு வாசிக்கும்போது வா எங்கே என்று தேட வேண்டிவரும். அது பேஸ் கிட்டாருக்குப் பொருத்தம். பழையதைக் கழற்றவும் வேண்டாம். கெபாசிட்டரைப் பக்கத்தில் பக்கமாக இணைத்தால் அளவுகள் கூடும் அல்லவா, போர்டின் கீழ்ப்பக்கம் அதே இரண்டு காலில் ஒரு 4.7 நானோஃபாரட் பாலியெஸ்டர் கெபாசிட்டரை ஒட்டவைத்தால் 14.7 ஆகிவிடும். ரிச்சி தெருவில் ‘472’ என்று கேளுங்கள், கடைக்காரர் டப்பாவிலிருந்து அள்ளிப் போடுவார். 50 வோல்ட் போதும், பெடல் ஓடுவது 9 வோல்ட்டில்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். போர்டில் ‘103’ என்று எழுதிய, அதாவது 10 நானோஃபாரட், கெபாசிட்டர் ஒன்றுக்கு மேல் இருக்கும். சத்தம் உள்ளே நுழையும் வாசலில் இருப்பது வேறு. அதோடு விளையாடினால் வா ஓட்டம் மாறாது. நமக்கு வேண்டியதன் ஒரு கால் இண்டக்டரின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். இன்னொரு கால், பாட்-இலிருந்து சத்தத்தை வாங்கும் டிரான்சிஸ்டரின் எமிட்டருக்கு (அதன் மூன்று கால்களில் ஒன்று) போகும். மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து இண்டக்டரிலிருந்து தடம் பிடித்தால் இரண்டு நிமிஷ வேலை. அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், 25 வாட் அயர்ன் போதும், மூன்று விநாடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள்.

இன்னும் மிருதுவாக வேண்டுமென்றால் அந்த இண்டக்டருக்குக் குறுக்கே ஒரு 33 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அதுதான் மேடு எவ்வளவு கூர்மை என்பதைத் தீர்மானிக்கிறது. அதன் மேலேயே ஒரு 100 கிலோ ஓமை ஒட்டினால் மொத்தம் 25-க்கு வரும், மேட்டின் உச்சி கொஞ்சம் வட்டமாகும். நிறைய பேர் இதற்கு நேர்மாறாக அளவைக் கூட்டச் சொல்லிக் கொடுப்பார்கள், ‘வாய்ஸ் நல்லா வரும்’ என்று. வரும்தான். ஆனால் அது மந்தமான ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாருக்கான யோசனை.

இப்போது இண்டக்டர் சண்டை. ஹேலோ, சிவப்பு ஃபேசல், மஞ்சள் ஃபேசல் என்று இண்டக்டர் வகைகளைப் பற்றி இணையத்தில் சொல்லப்படுவதில் எவ்வளவு உண்மை? இண்டக்டர்களுக்குள் வித்தியாசம் இருக்கிறது என்பது நிச்சயம். மீட்டரில் அளந்தாலே அளவு கொஞ்சம் மாறும், அளவு மாறினால் மேடு நிற்கும் இடமும் மாறும். அதைத் தாண்டி, பழைய ஃபெரைட்டில் (இண்டக்டருக்குள் இருக்கும் காந்தப் பொருள்) ஏதோ ஒரு தனி இனிமை இருக்கிறது, வயதாக ஆக அது பழுக்கும் என்பதெல்லாம் சந்தேகத்துக்குரியது. நானே ஒரே பெடலில் மூன்று இண்டக்டர்களை ஸ்விட்ச் வைத்து மாற்றிக் கேட்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டு கேட்டபோது சிவப்பு அருமையாக இருந்தது. பையனை விட்டு என் முதுகுக்குப் பின்னால் மாற்றச் சொன்னபோது எது எதென்று சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் கெபாசிட்டர் 10-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசத்தை அடுத்த அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரம்மாவே சொல்லிவிட்டார். இது ஆராய்ச்சி இல்லை, ஒரு மாடி வீட்டு அனுபவம், அவ்வளவுதான் மதிப்பு. இண்டக்டரை மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. கடைசியாக மாற்றுங்கள். பாட் அப்படியில்லை. காலின் அசைவுக்கு மேடு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை அதன் டேப்பர்தான் (திருகத் திருக அளவு மாறும் விதம்) தீர்மானிக்கிறது. பழைய பெடலில் வாசித்தவர்கள் ‘காலுக்குக் கீழே வெண்ணெய் மாதிரி இருந்தது’ என்று சொன்னால் அதில் பாட்-க்கும் பங்கு இருக்கிறது.

சரி, பழைய இத்தாலிய வாக்ஸ் கிடைத்தால் வாங்கலாமா? சேகரிப்பதற்கு என்றால் தாராளமாக. சர்ச்சில் ஞாயிறுதோறும் மிதிப்பதற்கு என்றால் நான் வாங்க மாட்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பாட் கரகரக்கும், எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கும். அந்தக் காலத்திலேயே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல்தான் வந்தன. ஒரே மாடலில் ஒன்று தேனாக இருக்கும், இன்னொன்று தகரமாக இருக்கும். தொட்டு வாசித்துப் பார்க்காமல் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவது லாட்டரி. அயர்ன் பிடிக்கப் பயமாக இருந்து, புதிதாகவே வாங்க வேண்டும் என்றால் டன்லப் 535க்யூ பாருங்கள். மேடு ஓடும் இடத்தையும் அதன் கூர்மையையும் குமிழிலேயே மாற்றிக்கொள்ளலாம், நான் மேலே சொன்ன பற்றவைப்பு வேலையின் பெரும்பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. ஜிசிபி 95-ஐ விற்றுவிட்டு அதைச் செகண்ட் ஹாண்டில் வாங்கினால் பெரிய நஷ்டம் வராது.

ஓவர்டிரைவ் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) போடுவதாக எழுதவில்லை, போட்டால் வாவை அதற்கு முன்னால் வையுங்கள். ஓவர்டிரைவ் மேட்டின் உச்சியை நசுக்கி உருட்டிக் கொடுக்கும். பின்னால் வைத்தால் அரிவாள் மாதிரி அறுக்கும். அதுவும் ஒரு அழகுதான், ஆனால் உங்களுக்கு வேண்டியது அது இல்லை.

நம்ம ஏரியாவுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கடலுக்கு நீங்கள் இருக்கும் தூரத்துக்கு உப்புக் காற்று பெடலுக்குள் புகுந்தே தீரும். காசிமேடு, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வரும் பெடல்களைத் திறந்தால் ஜாக்கிலும் பாட்-இலும் பச்சை பூத்திருக்கும். மிதிக்கும்போது கரகரவென்றால் உடனே பாட்-ஐ மாற்ற ஓடாதீர்கள். கான்டாக்ட் கிளீனரை பாட்-இன் இடுக்கில் ஒரு அடி அடித்துவிட்டு முப்பது தடவை மிதித்துப் பாருங்கள், பாதிப் பெடல்கள் அதிலேயே சரியாகிவிடும். வாசிக்காத நாளில் துணிப்பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைப்பது நல்லது. உர்ர் என்று இரைச்சல் வந்தால் பெடலை அடாப்டர், எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள். இண்டக்டரும் ஒரு சுருள்தானே, பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் முனகலைப் பிடித்துக்கொள்ளும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை டோனும் காலும் மட்டும் மாற்றி வாசித்துப் பாருங்கள், முடிந்தால் நேர் மிக்ஸரை விட்டுவிட்டு ஆம்ப் முன்னால் மைக் வைத்து. அதற்கப்புறமும் குத்தினால் பெடலின் அடித்தகட்டைக் கழற்றி, போர்டின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கேயே போடுங்கள். எந்த ‘103’ என்று வட்டம் போட்டுக் காட்டுகிறேன்.